தலைவருக்கு நாற்காலி, யாருக்கு அதிகாரம்?



மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. ஆதிக்கச் சாதியின் மிரட்டலால் வேட்புமனு போட ஆளில்லை. நிறுத்தப்பட்டு வென்றவரும் உடனே விலகினார். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். மேலவளவிலோ, பொறுப்பேற்ற தலைவர் முருகேசனை 1997இல் ஐந்து பேரோடு வெட்டிக் கொன்றார்கள்.

இன்று நாற்காலி கிடைக்கிறது. ஆனால் ஊராட்சிக் காசோலையில் துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். அங்கே பெரும்பான்மை ஆதிக்கச் சாதியிடம் இருந்தால், ஒரு கையெழுத்தை நிறுத்தினாலே தலைவர் முடங்கிவிடுவார். சேரியில் தெருவிளக்கு எரியாது.

அடுத்த கிராமசபைக்குப் போங்கள். எந்தக் காசோலை எத்தனை நாள் நின்றது, யார் நிறுத்தியது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.