கலம் அழைக்கும் விளக்கு

(வெள்ளி விழாவில் மாணவர் சார்பில் ஆற்றிய உரை)



மாணவர் சார்பில் பேசுமாறு எங்களைப் பணித்தீர்கள். ஒரு கோடை விடுமுறையில் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தில் நாங்கள் நால்வர் வழிகாட்டிகளாக வேலை செய்தோம். அங்கே கற்றதையே இங்குச் சொல்ல விழைகின்றோம்.

அடுத்த ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்திற்கு வழி தேடிக்கொண்டிருந்த நேரம் அது. சங்கச் செயலாளர் ஐயா இந்த வேலையைப் பற்றிச் சொன்னார். "நாலு பேர் முன்னால் நின்று பேச அச்சமாக இருக்கிறதே, ஐயா" என்றோம். "செய்தியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், பேச்சு தானே வரும்" என்றார். அதன்பின் இரவுதோறும் சங்க நூலகத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தோம்.

கற்கக் கற்க வியப்பு மிகுந்தது. கரைதல் என்றால் அழைத்தல் என்பது ஒரு பொருள். ஆகவே கலங்களைக் கரைக்கு அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம் என்று உரை கூறுவர். உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் இட்ட தீ கப்பல்களை அழைத்த காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. மாமல்லபுரத்துக் குன்றின்மேல் பல்லவர் எழுப்பிய ஒலக்கண்ணேசுவரர் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கோயிலின் உச்சியிலேயே விளக்கு வைத்திருந்தனர். பின்னர் அருகில் கருங்கல்லால் வட்டக் கோபுரம் எழுப்பி, 1904இல் விளக்கை அங்கு மாற்றினர்.

சிறிய விளக்கின் ஒளி நெடுந்தொலைவு செல்வது எவ்வாறு? பிரெஞ்சு அறிஞர் அகஸ்டின் பிரெனல் 1820களில் வகுத்த முறையில், கண்ணாடிப் பட்டைகளை வளையம் வளையமாக அடுக்குவர். நாற்புறமும் சிதறும் ஒளியை அவை ஒரே திசையில் திருப்பிவிடும். விட்டுவிட்டு ஒளிரும் முறையும் விளக்குக்கு விளக்கு வேறுபடும். மாலுமி அதை எண்ணியே எந்தக் கரை என்று அறிவான்.

வேலை தொடங்கிய முதல் வாரத்தில் ஒருவர் எங்கள் விளக்கத்தைக் கேட்டுத் தலையசைத்தார். பிறகு, "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். சொன்னோம். "ஊரில் எந்தப் பக்கம்?" என்றார். அவர் கேட்டது திசையை அன்று என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எங்களுள் ஒருவன் விடை சொல்லாமல் பேச்சை மாற்றினான். அன்றிரவு எங்களுக்கு உறக்கமில்லை. இனி எவர் கேட்டாலும் மறைக்காமல் சொல்வது, சொன்னபின் விளக்கத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் தொடர்வது என்று முடிவு செய்தோம். மீண்டும் ஒருவர் கேட்டபோது அவ்வாறே செய்தோம். அவர் முகம் மாறியது. எங்கள் குரல் மாறவில்லை.

மற்றொரு நாள், கல் உடைக்கும் தொழில் செய்யும் நம்மவர் ஒருவர் தம் மனைவியுடன் வந்தார். வாயிலிலேயே நின்றுகொண்டு, "நாமெல்லாம் மேலே போகலாமா, தம்பி?" என்றார். "சீட்டு வாங்கினால் யாரும் போகலாம், பெரியப்பா" என்று அழைத்துச் சென்றோம். படியேறும்போது அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்துப் பாறையைப் பிளக்கும் முறையை எங்களுக்கு விளக்கினார். நாங்கள் குறிப்பெடுத்த நூல்களில் அது இல்லை. அன்று வழிகாட்டி அவரே, நாங்கள் கேட்போர். மறுநாள் முதல் அவர் சொன்னதையும் எங்கள் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டோம். ஆண்ட மன்னர் பெயரைச் சொல்லும் நாவு, கல்லை உடைத்த கையையும் சொல்ல வேண்டாமா?

அவர் வாயிலில் கேட்ட கேள்வி மட்டும் இன்றும் எங்களை உறுத்துகிறது. அதே செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் கிணறும் பொதுவிடங்களும் அனைவர்க்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நம் பெரியவர் ஒருவர் படிக்கட்டின் அடியில் நின்று அனுமதி கேட்கிறார் என்றால், சட்டம் திறந்த வாயிலுக்குள் அவரை அழைத்துச் செல்ல ஆள் இல்லை என்பதே பொருள். அந்த ஆள், படித்த நாம்தான்.

இளைஞர்களே, கோடையில் கிடைக்கும் வேலை எதுவாயினும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதைப் பற்றி முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் நால்வருக்கும் அவ்வாண்டுக் கட்டணத்தில் பாதி அந்தக் கூலியால் கட்ட முடிந்தது. ஆனால் அதனினும் பெரிய ஊதியம், யார் முன்னும் தலை தாழாமல் பேசக் கற்றதே ஆகும். பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கோடையில் சங்கத்தின் சார்பில் நம் தெருவினர் அனைவரையும் அக்கோபுரத்திற்கு அழைத்துச் செல்வோம். வழிகாட்ட நாங்கள் வருகின்றோம். கல்லைப் பற்றிச் சொல்ல அந்தப் பெரியப்பாவையும் அழைப்போம்.