செமினரியில் தமிழுக்கு என்ன வேலை?



மதுரையில் ஓர் இலக்கியப் பேரவை தன் ஆண்டு விழாவில் இறையியல் பட்டமேற்படிப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறது. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "ஜெபக் கூட்டமா, இலக்கியக் கூட்டமா?" என்று கேட்டார். வந்து பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்றேன். வந்திருக்கிறார்.

சபைகளில் ஒரு பேச்சு உண்டு. பையன் ஊழியத்துக்குப் போகிறேன் என்றால் தாய்க்கு ஆனந்தக் கண்ணீர். செமினரிக்குப் போகிறேன் என்றால் மட்டும் மூப்பர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "பார்த்து தம்பி, அங்கே போனவன்லாம் இருந்த விசுவாசத்தையும் தொலைச்சிட்டு வர்றான்" என்பார். அந்த மூப்பரை நான் கேலி செய்யமாட்டேன். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

யோவான் நற்செய்தி எட்டாம் அதிகாரம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிந்து கொல்லக் கூட்டம் நிற்கிறது. இயேசு குனிந்து தரையில் எழுதுகிறார். பைபிளைத் திறந்தே பார்க்காதவருக்கும் தெரிந்த கதை. கிரேக்கம் படிக்கத் தொடங்கிய மாணவனுக்கு ஆசிரியர் என்ன காட்டுகிறார் தெரியுமா? நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடியில் இந்தக் கதை இல்லை. வத்திக்கான் சுவடியிலும் இல்லை. சில பிற்காலச் சுவடிகளில் லூக்கா நற்செய்தியில், இருபத்தோராம் அதிகாரத்தின் முடிவில் போய் உட்கார்ந்திருக்கிறது. போன ஞாயிறு இதே பகுதியை வைத்துக் கண்ணீர் மல்கப் பிரசங்கம் செய்துவிட்டு வந்த பையனின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இந்த அரங்கில் இருக்கும் உங்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்காது. பாடபேதம் என்றால் என்னவென்று அறிந்தவர்கள் நீங்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு சேர்த்து, இந்த ஏட்டில் இருக்கும் அடி அந்த ஏட்டில் ஏன் இல்லை என்று கண் வலிக்கப் பார்த்ததால்தான் 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. சைவக் குடும்பத்தில் பிறந்தவர், அந்த நூலின் சமயப் பொருள் விளங்காமல் கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிந்தாமணியின் பெருமை அதனால் குறைந்ததா?

அந்தப் பெண்ணின் கதைக்கும் ஒரு பின்கதை உண்டு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகஸ்டின் இந்தச் சிக்கலைக் கவனித்திருக்கிறார். மனைவிமாருக்கு இது துணிச்சல் கொடுத்துவிடும் என்று பயந்த ஆண்களே சுவடியிலிருந்து நீக்கியிருப்பார்கள் என்பது அவர் ஊகம். இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர், இது யோவான் எழுதியதல்ல, தனியாக உலவிய ஒரு பழைய மரபு பின்னால் வந்து சேர்ந்தது என்கிறார்கள். எதை ஏற்றாலும், மன்னிப்பைப் பற்றிய ஒரு கதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பல நூற்றாண்டு அலைந்திருக்கிறது. கடைசிவரை அதை அடியோடு தூக்கிப் போட மட்டும் சபைக்கு மனம் வரவில்லை. இதைப் படித்தபின் அந்தப் பகுதியைப் பிரசங்கிக்க முடியாது என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கென்னவோ, இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பிரசங்கிக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

இறையியல் படிப்புக்கு நம் நாட்டில் பட்டம் எப்படி வந்தது என்பது வேடிக்கையான வரலாறு. வங்காளத்துச் செராம்பூரில் வில்லியம் கேரியும் தோழர்களும் 1818இல் கல்லூரி தொடங்கினார்கள். ஊர் அப்போது டேனியர் வசம் இருந்ததால், 1827இல் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தவர் டென்மார்க் அரசர். நம் தரங்கம்பாடியும் அதே டேனியர் ஊர்தான். 1845இல் இரண்டு ஊர்களையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பட்டம் மட்டும் தங்கிவிட்டது. இன்றும் பி.டி., எம்.டிஎச். என்று படிப்பவர்களில் பலர் செராம்பூர் சான்றிதழைத்தான் கையில் வாங்குகிறார்கள்.

தரங்கம்பாடி என்றதும் மிஷனரி சீகன்பால்கு நினைவுக்கு வருவார். 1706இல் கரை இறங்கியவர், தமிழ் கற்று, நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் தெய்வங்களை ஒழிக்க அனுப்பிய ஆள், அவற்றின் வரலாற்றை எழுதி அனுப்புகிறாரே என்று மனத்தாங்கல். அந்தக் கையெழுத்துப் படி 1867இல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது. எழுதியவர் இறந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கழித்து! பக்கத்து வீட்டு நம்பிக்கையைப் படித்தறிவது இறையியலின் வேலைதானா என்ற வழக்கு அன்று தொடங்கியது. அதற்கு ஒரு தமிழர் சொன்ன பதிலுக்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்தவர் அ.ஜே.அப்பாசாமி. அமெரிக்காவில் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டுக்குப் போனார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்த தலைப்பு: யோவான் நற்செய்தியின் அநுபூதியும் இந்து பக்தி இலக்கியமும். முதல் உலகப்போர் முடிந்த நேரம், ஆக்ஸ்போர்டு மேசையில் மாணிக்கவாசகரும் தாயுமானவரும் யோவானோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். 1922இல் பட்டம் கிடைத்தது. பின்னால் கோயம்புத்தூர்ப் பேராயராகவும் ஆனார்.

வெறுமனே இரண்டையும் பக்கத்தில் வைத்து "ஆஹா, ஒரே மாதிரி இருக்கிறதே" என்று வியந்திருந்தால் அவரைப் பற்றி நான் பேசவே மாட்டேன். அந்த மாதிரிக் கட்டுரைகள் நம்மிடம் வண்டி வண்டியாக இருக்கின்றன. அவர் வழக்காடினார். தானும் பிதாவும் ஒன்று என்று இயேசு சொல்வதை அத்வைதமாகப் படிக்கலாமா? கூடாது என்றார். அந்த ஒருமை அன்பின் ஒருமை, சித்தத்தின் ஒருமை. பக்தனும் இறைவனும் கரைந்து ஒன்றாகிவிட்டால் பிறகு பாடுவது யார், கேட்பது யார் என்ற நம் பக்தர்களின் பக்கம் நின்றார். சங்கரரை விட இராமாநுசரே யோவானை விளக்க உதவுவார் என்று முடிவு கட்டினார். ஒரு கிறிஸ்தவர் வேதாந்தத்துக்குள் போய், அங்கே இரண்டு தரப்பையும் கேட்டு, ஒரு தரப்பைத் தேர்ந்தெடுக்கிறார். இந்தத் துணிச்சல் ஆய்வில்லாமல் வராது. பக்தி இல்லாமலும் வராது.

அதே வேளையில் அப்பாசாமியை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். இங்கே பக்கத்தில் அரசரடியில், 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். அவர் கேள்வி வேறு. யாருடைய பக்தி? யாருடைய பாட்டு? கர்நாடக ராகமும் வடமொழி கலந்த கீர்த்தனையும் கோயிலுக்குள் வந்துவிட்டன, சரி. களையெடுக்கும் பெண்ணின் மெட்டு ஏன் வாசலிலேயே நிற்கிறது? கிராமிய இசையில் வழிபாட்டையே அமைத்தார். ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்பதை இறையியலாகப் பேசினார். சாதி எங்கே உயிரோடு இருக்கிறது என்பது சாப்பாட்டில்தானே தெரியும்! தலித் இறையியல் அப்போதுதான் இந்தியச் செமினரிகளில் குரல் எழுப்பத் தொடங்கியிருந்தது. அந்தக் குரலுக்குப் பறையும் தாளமும் கொடுத்தவர் அவர்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பி.டி. படிப்பைத் தமிழிலேயே படிக்க அரசரடியில் வழி இருக்கிறது. மேலே போகப் போக ஆய்வேடு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. அப்பாசாமியின் முக்கியமான நூல்களும் ஆங்கிலத்தில்தான். மாணிக்கவாசகரைப் பற்றிய ஒரு வாதம் அந்தப் பதிகங்களைப் பாடுகிறவர் காதுக்கு எட்டாமலே நூறாண்டு கழிந்துவிட்டது. ஓதுவார் ஒருவர் அதைப் படித்து, "ஐயா, இந்த இடத்தில் தப்பு" என்று சொல்லியிருந்தால் அப்பாசாமியே மகிழ்ந்திருப்பார்.

சண்டை பேரவையிடமும் உண்டு. தேம்பாவணிக்கும் இரட்சணிய யாத்திரிகத்துக்கும் மாலை போடுகிறீர்கள். அவற்றை எழுதியவர்கள் எந்த இறையியலோடு மல்லுக்கட்டினார்கள் என்று கேட்பதில்லை. சந்தமும் உவமையும் போதும் என்று நின்றுவிடுகிறீர்கள்.

செயலாளர் அவர்களே, ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். மாதக் கூட்டங்களில் ஒன்றை இதற்குக் கொடுங்கள். ஆய்வு செய்யும் மாணவர் தன் ஏட்டில் ஓர் இயலைத் தமிழில் எழுதி வந்து இங்கே வாசிக்கட்டும். சைவ சித்தாந்தம் படித்தவர் ஒருவரும் வைணவ உரை அறிந்தவர் ஒருவரும் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். அந்த மூப்பரையும் கூப்பிடுங்கள், முன்வரிசையில். முதல் கூட்டத்துக்கு மாணவர் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். பின்வரிசையில் மூன்றாவதாக இருக்கும் தங்கை, நான் அப்பாவு பெயரைச் சொன்னதிலிருந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருக்கிறார்.