முற்றத்து மேசை

திருகோணமலையில் ஆனி, ஆடி மாதங்களில் இரவுணவை வீட்டினுள் உண்பது ஒரு தண்டனையே. மலைநாட்டைக் கடந்து வறண்டு வரும் கச்சான் காற்று பகல் முழுவதும் கூரையையும் சுவரையும் காய்ச்சி விடுகிறது. பொழுது சாய்ந்து நெடுநேரமாகியும் அந்த வெம்மை அறைகளை விட்டு நீங்குவதில்லை. ஆகவே உப்புவெளியிலும் திருக்கடலூரிலும் பல குடும்பங்கள் சோற்றுப் பானையுடன் முற்றத்துக்கு வந்து விடுகின்றன. இளையோர் பாயில் அமர்ந்து கொள்வர். முழங்கால் மடங்காத பாட்டனாருக்கோ உள்ளே தனியாக ஒரு தட்டுப் போகும். முற்றத்துக்கு ஒரு மேசை வேண்டும் என்னும் எண்ணம் பெரும்பாலும் அந்தத் தட்டிலிருந்துதான் பிறக்கிறது.

எண்ணம் பிறந்ததும் கடைக்குச் செல்வோர் மேற்பலகையின் மினுக்கத்தைப் பார்த்து விலை பேசுகின்றனர். குனிந்து கால்களையும் ஆணிகளையும் பார்ப்போர் மிகச் சிலரே. இந்நகரில் மேசையின் ஆயுளைத் தீர்மானிப்பவை அவைதாம். கச்சான் காலத்தில் மரம் ஈரமிழந்து சுருங்கி வெடிக்கும். ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மாரியில் அதே மரம் நீர் குடித்து ஊதும். இவை போதாவென்று ஆண்டு முழுவதும் கடலுப்பு காற்றில் வந்து படியும். உப்புவெளி என்னும் ஊர்ப் பெயரையே ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

இவற்றைத் தாங்கும் மரத்தைத் தேடி வேற்றூர் செல்ல வேண்டியதில்லை. சமண்டலை என்றும் சவண்டலை என்றும் தமிழரும், ஹல்மில்ல என்று சிங்களவரும் வழங்கும் மரத்தை ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்தனர். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட நூலில், சென்னைக் கரையின் பேரலைகளைக் கடந்த மசூலாப் படகுகள் இம்மரத்தாற் செய்யப்பட்டவை எனக் குறித்துள்ளார். அக்காலச் சென்னையில் கப்பல் கட்டும் துறை இல்லை. கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மனிதரையும் பொதிகளையும் கரை சேர்த்தவை அப்படகுகளே. அவற்றின் பலகைகளை ஆணியால் அறையாமல் கயிற்றாற் பிணைத்துத் தைத்தனர். அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்க வேண்டுமல்லவா?

தேக்கும் குறைந்ததன்று. 1817 இல் இந்நகரின் பெயரைத் தாங்கிப் பம்பாயிற் கட்டப்பட்ட தேக்குப் போர்க்கப்பலொன்று இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது. ஆனால் அந்த உறுதி முதிர்ந்த மரத்தின் வைரத்துக்கே உரியது. மலிவாக வரும் தேக்கு மேசைகளில் வெளிறு கலந்திருப்பதுண்டு. வைரம் பொன்கலந்த கபில நிறமாயிருக்கும். வெளிறு வெளுத்த மஞ்சளாயிருக்கும். கறையானுக்கு வெளிறு விருந்து. பாலை மரம் நீரிலிட்டால் அமிழும் கனமுடையது. அதனாற் செய்த மேசையை மழைக்கு விறாந்தையில் ஏற்ற நால்வரைக் கூப்பிட வேண்டும். இறப்பர் மரத் தளபாடம் வீட்டினுள் இருக்கத்தக்கது. வெளியே வைத்தால் பணம் மழையோடு போகும். எம்மரமாயினும் அனுமதிப்பத்திரத்துடன் வந்த மரந்தானா என்று கேட்பது வாங்குவோர் கடமை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களும் நிலைகளும் பல்லாண்டு உலர்ந்தவை. தச்சரிடம் அவற்றைக் கொடுத்துச் செய்விப்பது புதுமரம் வாங்குவதிலும் மேல்.

தச்சரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. மேற்பலகை ஒரே பரப்பாக இருத்தலாகாது. சட்டங்களுக்கிடையே கால் அங்குல இடைவெளி விட்டால் நீர் வடியும்; மரம் ஊதுவதற்கும் இடமிருக்கும். குழம்பு ஒழுகுமே என்று வீட்டுப் பெண்கள் குறை கூறலாம். தேங்கிய நீரில் மேசை உளுத்துப் போவதினும் அது சிறிய குறை. திரி எண்ணெயை உறிஞ்சுவது போல் மரத்தின் வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சும். ஆதலால் மணலில் நிற்கும் காலே முதலிற் கெடும். ஒவ்வொரு காலின் கீழும் தட்டையான கல்லொன்று இட்டால் போதும். இரும்பாணி துருவேறித் தன்னைச் சுற்றிய மரத்தையும் கறுக்கச் செய்யும். ஒரு கட்டையின் நாக்கு மற்றொன்றின் துளையில் இறங்கும் பொருத்தே சிறந்தது. ஆணி இன்றியமையாத இடத்தில் பித்தளையையோ, 316 என்னும் எண்ணுள்ள துருவேறா உருக்கையோ கேட்டு வாங்குதல் வேண்டும். அதிற் கலந்த மொலிப்டினம் கடலுப்பை எதிர்க்கும். வார்னிஷ் வெயிலில் வெடித்து உரியும். மாரிக்கு முன் மரத்துக்குரிய எண்ணெய் பூசுவது நன்று. மரம் நரைப்பது முதுமை மட்டுமே, நோயன்று.

பிளாஸ்டிக் மேசை மலிவு. வெயில் அதை நாளடைவில் நொறுங்கச் செய்யும். அலுமினியம் உப்பை ஓரளவு தாங்கும், ஆயினும் கச்சானிற் புரளாத கனமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அளவையும் கடையிலன்றி முற்றத்திலேயே தீர்மானிக்க வேண்டும். உண்பவர் ஒருவருக்கு 2 அடி விளிம்பு தேவை. ஆகவே அறுவருக்கு 6 அடி நீளமும் 3 அடி அகலமும் ஏற்றவை. மேசைக்கு இரண்டரை அடியும் இருக்கைக்கு ஒன்றரை அடியும் உயரமாகக் கொள்ளலாம். மேசையோடு வாங்கையும் இணைத்துச் செய்யும் புது வழக்கம் பிள்ளைகளுக்கு இன்பந் தரும். முதியவரோ காலைத் தூக்கி உள்ளே வைக்க மாட்டாது மீண்டும் தனித்து விடுவர். கைப்பிடியுள்ள கதிரையொன்று எளிதாக நுழைந்து நிற்கும்படி ஒரு தலைப்பக்கமேனும் குறுக்குச் சட்டமின்றி இருத்தல் வேண்டும்.

மேசையைக் குசினி வாசலுக்கு அருகில், வேம்பின் நிழலில் இடுவது நன்று. தென்னையின் கீழ் இடுவோர் முதலில் அண்ணாந்து பார்த்துக் கொள்வாராக.