அடுத்த ரீல் தயாராக இருக்கட்டும்



திரைப்பட ஆவணங்களை இணையத்துக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிற நூலகர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள், ஆய்வு மாணவர்கள் எல்லோரும் இன்று ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கோடம்பாக்கத்தில் கூடியிருக்கிறோம் என்பதால் இந்த ஊரின் தொழிலையே துணைக்கு அழைத்துக்கொண்டு பேசப்போகிறேன். ஆயிரக்கணக்கான பதிவுகள் உள்ள ஒரு பட்டியலை, காத்திருக்க வைக்காமல் வாசகர் கையில் எப்படிக் கொடுப்பது என்பதுதான் என் பேச்சு.

1931இல் வந்த ‘காளிதாஸ்’ தொடங்கித் தமிழ்ப் படங்களின் விவரங்களைத் தனியொருவராகச் சேர்த்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 2016இல் அவர் மறைந்தபோது நாம் இழந்தது ஒரு மனிதரை மட்டுமல்ல; கேட்டவுடன் பதில் வரும் ஓர் ஏற்பாட்டையும்தான். இயக்குநர் யார், இசை யார், எந்த ஆண்டு என்று கேட்டால் அவரிடமிருந்து பதில் வரும். அந்த இடத்தை இப்போது நம் வலைத்தளங்கள் நிரப்ப வேண்டியிருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய பாட்டுப் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. பொருள் பத்திரமாக இருப்பது பாதி வேலை. அது இருக்கிறது என்று தேடுகிறவருக்குத் தெரியவருவது மறுபாதி. பட்டியல் திறக்காவிட்டால் அந்த மறுபாதி நடக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து அப்படி ஒரு பட்டியலைச் செய்தோம். எங்கள் அறையில், எங்கள் கணினியில், பிரமாதமாக ஓடியது. வெளியூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி தன் கைப்பேசியில் திறந்து என்னிடம் நீட்டினார். வெள்ளைத் திரை. விரலால் தள்ளினால் நகரவில்லை. போன் சூடாகிவிட்டது. “பரவாயில்லை சார், நேரில் வந்து எழுதிக்கொள்கிறேன்” என்றார். பஸ் ஏறி வந்து இரண்டு நாள் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு போனார். அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. அதனாலேயே அந்த வாக்கியம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

என்ன தவறு செய்தோம்? எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பினோம். 5,000 பதிவுகள், ஒரு பதிவுக்குப் பெயர், ஆண்டு, படம், பொத்தான் என்று 20 உறுப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் 1 லட்சம் உறுப்புகளைக் கட்டி, அளந்து, வரைய வேண்டும். கூகுளின் லைட்ஹவுஸ் சோதனைக் கருவி, ஒரு பக்கத்தில் 1,400 உறுப்புகளைத் தாண்டினாலே பிழை என்று சொன்னது. தமிழ் எழுத்து யுனிகோடில் அதிக இடம் பிடிக்கிறது, அதனால்தான் தாமதம் என்று அப்போது எங்களில் சிலர் வாதாடினார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ‘கோடம்பாக்கம்’ என்பது நமக்கு 7 எழுத்து. யுனிகோடில் 12 குறியீடு. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 36 பைட். உண்மைதான், ஆனால் சர்வரில் சுருக்கி அனுப்பும் வசதியை இயக்கிவிட்டால் இந்தச் சுமை பெருமளவு கரைந்துவிடுகிறது. தமிழின் மேல் பழி போட வேண்டாம். பழி எங்கள் வடிவமைப்பின் மேல்தான்.

இங்கே ஃபிலிம் சுருள் காலத்து தியேட்டரை நினைத்துப் பாருங்கள். 35 எம்எம் படத்தில் 1,000 அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். முழுப் படத்தையும் மெஷினில் ஏற்றிவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன் என்று எந்த ஆபரேட்டரும் சொன்னதில்லை. ஒரு மெஷினில் ஒரு ரீல் ஓடும். பக்கத்து மெஷினில் அடுத்தது மாட்டித் தயாராக இருக்கும். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்குபோட்டுக்கொண்ட நாட்களில் ரீல் பெட்டி சைக்கிளில் போய்வந்தது. அப்போதும் பார்க்கிறவருக்குப் படம் தொடர்ச்சியாகவே தெரிந்தது. நம் பட்டியலுக்கும் இதுவே முறை. கண்ணெதிரே இருப்பதை அனுப்பு, அடுத்ததைப் பின்னணியில் வாங்கி வை.

ஸ்டுடியோவிலும் இதே புத்திதான். மாளிகை செட் என்றால் கேமரா பார்க்கும் சுவரை மட்டும்தான் ஆர்ட் டைரக்டர் கட்டுவார். சுவரின் பின்னால் சவுக்குக் கம்பும் ஆணியும்தான். திரையில் தெரிகிற 15 வரிகளை மட்டும் உயிரோடு வைத்து, ஸ்க்ரோல் செய்யச் செய்ய அதே வரிகளில் புதிய தகவலை நிரப்பும் நுட்பம் இன்று பரவலாக இருக்கிறது. நல்ல நுட்பம். ஆனால் ஆவணத் தளங்களில் அதை நான் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன். பிரவுசரின் ‘பக்கத்தில் தேடு’ வசதிக்குக் கட்டாத சுவர் தெரியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் தடுமாறும். சர்வரில் முறையான தேடலைக் கொடுத்துவிட்டுத்தான் இந்த வழிக்குப் போக வேண்டும்.

அதைவிடவும் எனக்கு மனம் ஒப்பாதது முடிவில்லா ஸ்க்ரோல். 2006இல் அதை வடிவமைத்த அசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஆய்வாளருக்குப் பட்டியலின் முடிவு தெரிய வேண்டும்; எத்தனை பதிவு, நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிய வேண்டும். அடிக்குறிப்பில் எழுத ஒரு நிலையான முகவரியும் வேண்டும். “கீழே தள்ளிக்கொண்டே போங்கள், வரும்” என்று எந்த ஆய்வேட்டிலும் எழுத முடியாது.

பட்டியலைப் பக்கங்களாக எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு நம் தரவே பதில் வைத்திருக்கிறது. வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாகப் பிரிப்பதுபோல, படப் பட்டியலை ஆண்டு ஆண்டாகப் பிரிக்கலாம். 1931க்கு ஒரே ஒரு படம். அண்மைய ஆண்டுகளில் 200ஐத் தாண்டுகிறது. 1952ஆம் ஆண்டுப் பக்கம் என்றால் இன்றும் அதே முகவரி, பத்து வருஷம் கழித்தும் அதே முகவரி.

அகரவரிசைப் பட்டியல்தான் கடினமானது. தொழில்நுட்பம் படிக்காதவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நூறாவது பக்கத்தைக் கேட்டால் டேட்டாபேஸ் என்ன செய்கிறது? பக்கத்துக்கு 50 பதிவு என்றால், ‘ஆஃப்செட்’ முறையில் முதல் 4,950 பதிவுகளையும் எண்ணித் தள்ளிவிட்டு அதற்கு அடுத்த 50ஐ எடுத்துக் கொடுக்கிறது. கடைசி ரீலைப் பார்க்க முதல் ரீலிலிருந்து ஓட்டுவது போன்றது இது. இன்னொரு கேடும் உண்டு. நீங்கள் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது யாராவது முன்பக்கத்தில் ஒரு பதிவை நீக்கினால், நான்காம் பக்கத்துக்குப் போகும்போது ஒரு படம் உங்கள் கண்ணில் படாமலேயே நழுவிவிடும்.

மாற்று வழி, கடைசியாகப் பார்த்த பதிவைக் குறித்துவைத்து, அதற்கு அடுத்து வருவதைக் கேட்பது. இண்டெக்ஸ், அதாவது டேட்டாபேஸ் முன்கூட்டியே அடுக்கிவைத்திருக்கும் வரிசைக் குறிப்பு, சரியாக இருந்தால் எந்த இடமானாலும் ஒரே வேகம். இதில் நாங்கள் விழுந்த குழியைச் சொல்கிறேன். பெயரை மட்டும் அடையாளமாக வைத்தோம். ‘மாப்பிள்ளை’ என்ற பெயரில் 1952இல் ஒரு படம், 1989இல் ஒரு படம், 2011இல் ஒரு படம். ஒரு பக்கம் 1952 படத்தோடு முடிந்தது. ‘மாப்பிள்ளைக்கு அடுத்தது என்ன’ என்று அடுத்த பக்கம் கேட்டது. மற்ற இரண்டு மாப்பிள்ளைகளும் பட்டியலிலிருந்தே காணாமல் போனார்கள். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பக்கம் வேகமாகத்தான் திறந்தது. பெயர், ஆண்டு, பதிவெண் மூன்றையும் சேர்த்து அடையாளமாக்கிய பிறகுதான் சரியானது. வேகம் காட்டிப் பதிவைத் தொலைக்கும் பட்டியலைவிட, மெதுவான பட்டியல் ஆயிரம் மடங்கு மேல்.

தமிழ் அகரவரிசைக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. யுனிகோடின் எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அங்கே ‘ன’ வந்த பிறகுதான் ‘ப’. ‘ள’, ‘ழ’ இரண்டும் ‘வ’வுக்கு முன்னால். புள்ளி, உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால். எண் வரிசையில் அடுக்கினால் ‘அமரன்’ முன்னும் ‘அம்மா’ பின்னும் வரும். தமிழ் முறைக்கு என்று தனி வரிசை விதி மென்பொருள்களில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். ஆனால் இண்டெக்ஸும் அதே விதியில் கட்டப்பட வேண்டும். இண்டெக்ஸ் ஒரு விதியிலும் கேள்வி வேறு விதியிலும் இருந்தால், ஒவ்வொரு முறையும் மொத்தப் பட்டியலையும் புதிதாக அடுக்கிப் பார்த்த பிறகே பதில் வரும். தமிழ்த் தளங்கள் மெதுவாக இருப்பதற்கு நான் நேரில் கண்ட காரணங்களில் இது முக்கியமானது. இதை நாம் பேசாவிட்டால் வேறு யாரும் நமக்காகப் பேசமாட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் ஸ்கேன் செய்த மூலப் போஸ்டரைப் போடாதீர்கள். சிறு படத்தைப் போடுங்கள், அதன் அகல உயரத்தையும் முன்கூட்டியே குறியுங்கள், வரிகள் குதிக்காது. 50 படங்களுக்கு இயக்குநர் பெயரை 50 தனிக் கேள்விகளாகக் கேட்காமல் ஒரே கேள்வியில் வாங்குங்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகக் கடைக்கு ஆள் அனுப்புவதில்லை. தேடல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் சர்வருக்கு ஓடாமல், கை நின்றபின் ஒருமுறை கேளுங்கள். 1993இல் பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் எழுதிவைத்த அளவு இன்றும் பொருந்துகிறது: ஒரு நொடிக்குள் பதில் வந்தால் எண்ண ஓட்டம் அறுபடாது, பத்து நொடியைத் தாண்டினால் கவனம் போய்விடும். ஒரு படத்தின் இசையமைப்பாளரைத் தேடிவந்தவருக்கு அந்த எண்ண ஓட்டம்தான் ஆய்வு.

இன்று கட்டுரை படிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேடைக்குக் கீழே அந்த மேசையில் நான்கு கைப்பேசிகள் வைத்திருக்கிறோம். நாலைந்து வருடம் பழையவை, விலை குறைந்தவை, சாதாரண மொபைல் டேட்டாவில் இயங்குபவை. உங்கள் தளத்தின் மிக நீண்ட பட்டியலை முதலில் அதில் ஒன்றில் திறந்து சபைக்குக் காட்டுங்கள். எத்தனை நொடி ஆகிறது என்று எல்லோரும் சேர்ந்து எண்ணுவோம். பிறகு கட்டுரையைத் தொடங்கலாம். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.