சிறு மோட்டாரின் பெரும் பாடம்

காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் மாலைக் காற்று வாங்குவது இனிமையான அனுபவம். ஆனால் அதே உப்புக்காற்றுதான் இரும்பில் துருவையும் செம்பில் பச்சைக் களிம்பையும் ஏற்றுகிறது. கடலோர ஊர்களில் மின்விசிறி நின்றுபோவதும் பொம்மை மோட்டார் சுழல மறுப்பதும் புதுமையல்ல. நின்றுபோனதை வீசி எறிவதா, மீண்டும் ஓடவைப்பதா? இதையே இன்று எண்ணிப் பார்ப்போம்.

1957ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஃபிரெட் பிரான்சிஸ் என்பவர் ஸ்கேலெக்ஸ்டிரிக் என்னும் மின்சாரக் கார் விளையாட்டை அறிமுகம் செய்தார். பாதையில் ஒரு பள்ளக்கோடு. அதன் இருமருங்கிலும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள். அவற்றைத் தொட்டவாறு 12 வோல்ட் மின்சாரத்தில் விரையும் சிறு கார்கள். அக்காலத்துக் கார்களின் மோட்டார்களைப் பிரித்து, புதிதாகக் காயில் கட்டி ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர்.

அத்தகைய மோட்டாரினுள் காந்தமும், அதனிடையே சுழலும் ஆர்மேச்சரும் இருக்கின்றன. ஆர்மேச்சருக்குப் பெரும்பாலும் மூன்று கைகள். ஒவ்வொன்றிலும் எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள். இரண்டு கார்பன் பிரஷ்கள் கம்யூட்டேட்டர் வழியே அவற்றுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றி அளிக்கின்றன. ஒரு சுருள் கருகினாலும் மோட்டார் வலுவிழந்து திக்கித் திணறும்.

பழுது பார்ப்பவர் முதலில் செய்யவேண்டியது கம்பியை அறுப்பதன்று, எண்ணுவது. பழைய சுருளை மெல்லப் பிரித்து, எத்தனை சுற்று, எந்தத் திசை, கம்பியின் தடிப்பு எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பழைய மோட்டார் சிலவற்றில் அல்னிக்கோ காந்தம் இருக்கும். ஆர்மேச்சரை வெளியே எடுத்தால் அதன் வலிமை குறையும். ஆகவே அதன் முனைகளை இணைத்து ஓர் இரும்புத் துண்டை வைத்தல் நலம்.

பிறகு மூன்று கைகளிலும் ஒரே எண்ணிக்கையில், ஒரே இறுக்கத்தில் புதுக்கம்பியைச் சுற்றி, முனைகளின் எனாமலைச் சுரண்டி, ஈயப்பற்று வைக்கவேண்டும். சுற்றைக் குறைத்துத் தடித்த கம்பியைக் கட்டினால் வேகம் கூடும். ஆனால் மின்சாரமும் சூடும் மிகும். ஒரு கையில் ஐந்தாறு சுற்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்கலாம். மோட்டாருக்குத் தெரியும். சமநிலை கெட்டு அது அதிரும். கண்காணிப்பார் எவருமின்றி நேர்மையைக் கற்பிக்கும் ஆசிரியர் இதைவிட வேறு யார்?

நம் தமிழகத்து ஜி. டி. நாயுடு, இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டியே இயந்திர நுட்பத்தைக் கற்றார் என்பர். 1937இல் கோயம்புத்தூரில் அவரும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டாரை உருவாக்கினர். கழற்றிப் பார்த்த கைகளே பின்னாளில் ஆக்கிக் காட்டின.

ஆதலால், நண்பர்களே, வீட்டு மூலையில் கிடக்கும் பழைய பொம்மை மோட்டார் ஒன்றை எடுங்கள். வீட்டு மின்சாரத்தின் பக்கம் போகாமல் பாட்டரியோடு நின்று பழகுங்கள். முதல் முறை தவறலாம், மீண்டும் எண்ணுங்கள். இன்று பொம்மையை ஓட்டிய கை நாளை விசிறியையும் நீரிறைக்கும் பம்பையும் சீர்செய்யும். கடற்காற்று ஓயப்போவதில்லை, நம் கைகளும் ஓயாதிருக்கட்டும்.