நீரையும் காற்றையும் காக்கும் செலவு யார் தலையில்?

(விவசாய அரங்கத் தோழர்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு இவ்வளவு, நெல் தாளை எரிக்காவிட்டால் இவ்வளவு என்று பஞ்சாபிலும் ஹரியானாவிலும் விவசாயிகளுக்கு ஊக்கத்தொகை அறிவிக்கப்படுகிறது. நிலத்தடி நீரையும் காற்றையும் காப்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் நமக்கு மாறுபாடில்லை. பஞ்சாபில் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நிலத்தடி நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் உறிஞ்சப்படுகிறது. ஆனால் அந்தத் தொகை மாற்றத்தின் செலவை ஈடுசெய்கிறதா, யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்பது நம் கடமை.

இந்த நெருக்கடியை விவசாயி தானாக வரவழைத்துக்கொள்ளவில்லை. பசுமைப் புரட்சிக் காலத்தில் புதிய விதையும் உரமும் உறுதியான கொள்முதலும் தந்து, கோதுமை–நெல் சுழற்சிக்குள் அவரை அழைத்துச்சென்றது அரசு. நீர் வற்றத் தொடங்கியதும், ஜூன் 10-க்கு முன் நடவு கூடாதென 2009-இல் பஞ்சாப் சட்டமியற்றியது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்புக்கு முன் எஞ்சியது இரண்டு, மூன்று வாரங்களே. அதற்குள் வயலைத் துப்புரவாக்க வசதியற்றவர் தாளுக்குத் தீ வைத்தார்.

தீர்வென்று அரசு தந்தது என்ன? 2018-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டம், தாளை அகற்றும் இயந்திரங்களுக்குத் தனி விவசாயிக்கு 50 சதவீதமும், கூட்டுறவுகளுக்கு 80 சதவீதமும் மானியம் அளித்தது. எஞ்சிய பாதி விலையும், அவ்வியந்திரத்தை இழுக்கும் திறனுள்ள டிராக்டரும் சிறு விவசாயிக்கு எட்டாதவை. தாளை எரிக்காத சிறு, குறு விவசாயிகளுக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் வழங்குமாறு 2019 நவம்பரில் உச்சநீதிமன்றமே ஆணையிட வேண்டியிருந்தது. தில்லி எல்லைப் போராட்டத்தின் விளைவாக, 2021-ஆம் ஆண்டின் காற்றுத் தர மேலாண்மைச் சட்டத்தின் தண்டனைப் பிரிவிலிருந்து விவசாயிகள் விடுவிக்கப்பட்டனர். ஆயினும் 'சுற்றுச்சூழல் இழப்பீடு' என்ற பெயரில் அபராதம் தொடர்ந்தது. 2024-இல் அது இரட்டிப்பாக்கப்பட்டது: இரண்டு ஏக்கருக்குக் குறைவானவருக்கு 5,000 ரூபாய், ஐந்து ஏக்கருக்கு மேற்பட்டவருக்கு 30,000 ரூபாய்.

2020-இல் ஹரியானா அரசு, நெல்லைக் கைவிடுவோருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் அறிவித்தது. நெல்லுக்கு அரசுக் கொள்முதல் உண்டு. மக்காச்சோளத்துக்கு ஆதரவு விலை அறிவிப்பு உண்டு; அந்த விலைக்கு வாங்குவார்தாம் அரிது. சந்தையில் விலை சரிந்தால், கைக்கு வந்த ஊக்கத்தொகை வியாபாரியின் பைக்குப் போய்விடும்.

அந்தத் தொகையும் உழுபவருக்குச் சேரும் என்ற உறுதியில்லை. வாய்மொழிக் குத்தகையே பரவலாக உள்ள நாட்டில், அரசுப் பணம் நில ஆவணத்திலுள்ள பெயரைத் தேடிச் செல்கிறது. பிஎம்-கிசான் திட்டத்தின் 6,000 ரூபாயும் நிலம் உடையவருக்கே. பஞ்சாப் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான தலித் மக்களில் மிகப் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். பயிர் மாறும்போது நடவுக் கூலி இழப்பவர்களும் அவர்களே. அந்த இழப்பை இத்திட்டங்கள் கணக்கில் கொள்வதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மாற்றுப் பயிர்களுக்கு, முழு உற்பத்திச் செலவுடன் 50 சதவீதம் சேர்த்த ஆதரவு விலையும் கொள்முதலும் சட்டப்படி உறுதிசெய்யப்பட வேண்டும். பாதுகாப்புத் தொகை சாகுபடி செய்பவருக்கே கிடைக்கக் குத்தகையாளர் பதிவு வேண்டும். இயந்திரங்கள் கூட்டுறவுகள் வழியாகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்க வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளருக்கு ஈடு வேண்டும். அபராதம் கைவிடப்பட வேண்டும்.

நீரும் காற்றும் நாட்டின் பொதுச்சொத்து. அவற்றைக் காக்கும் செலவையும் நாடே ஏற்க வேண்டும். இதைக் கிராமந்தோறும் எடுத்துச்சென்று, சிறு விவசாயியையும் விவசாயத் தொழிலாளியையும் ஒரே அணியில் திரட்டுவோம்.