ஊஞ்சல் நடத்திய பாடம்

(ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



நான் வலையபட்டிக்காரன். காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். தனி ஊசலின் அலைவுநேரச் சூத்திரத்தைப் பிசகாமல் எழுதுவேன். அதில் நீளம் உண்டு, புவியீர்ப்பு முடுக்கம் உண்டு; நிறை இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதே இல்லை.

ஒரு விடுமுறையில் வீட்டு ஊஞ்சலில் தம்பி ஆடிக்கொண்டிருந்தான். அப்பத்தாவும் ஏறி உட்கார்ந்தார். "கனம் கூடிருச்சு, இனி மெதுவாத்தான் ஆடும்" என்றேன். "எண்ணித்தான் பாரேன்" என்றார். சங்கிலி 2 மீட்டருக்குச் சற்று அதிகம். தம்பி தனியாக ஆடியபோதும், இருவரும் ஆடியபோதும் 10 அலைவுக்குச் சுமார் 28 விநாடிதான்.

அப்போதுதான் உறைத்தது. நிறை இரு மடங்கானால் இழுக்கும் விசையும் இரு மடங்காகிறது; நகர்த்த வேண்டிய நிறையும் இரு மடங்கு. இரண்டும் ஈடாகிவிடுகின்றன. ஈயக் குண்டையும் தக்கைக் குண்டையும் சம நீள நூலில் ஆடவிட்டதை, 1638-இல் வெளியான நூலிலேயே கலிலியோ விளக்கியிருக்கிறார்.

சூத்திரம் சரியாக இருந்ததால் என் தவறு விடைத்தாளில் தெரியவில்லை. நம் வகுப்பிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். கரும்பலகையில் சூத்திரம் எழுதுமுன், "கல்லை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதிலை எழுதவிட்டு, பிறகு எண்ணச் சொல்லுங்கள்.